ரோடு பைக்குக்கு மலிவாக ஒரு மாற்றுச் சக்கரம்: வாங்கும் முன் தெரிந்துகொள்ள

கோவளம் தாண்டி மாமல்லபுரம் போகும் வழியில், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, என் ரோடு பைக்கின், அதாவது தார்ச்சாலையில் வேகமாக ஓட்டும் மெல்லிய டயர் சைக்கிளின், பின்சக்கரத்தில் 'டிங்' என்று ஒரு சத்தம். போக்ஸ் கம்பி அறுந்துவிட்டது. ஒரே மாதத்தில் அது மூன்றாவது. முதல் இரண்டு தடவையும் கடையில் அறுந்த கம்பியை மட்டும் மாற்றிக் கொடுத்தார்கள். மூன்றாவது தடவை, "கம்பி ரொம்ப டைட்டா இருக்கு சார், அதான் அறுந்துபோகுது, லூஸ் பண்ணி விடறேன்" என்றார் கடைக்காரர். கூட ஓட்டும் நண்பர்களோ, "வீல் செட்டையே மாத்திடுங்க, லைட்டா வாங்குங்க, பைக் பறக்கும்" என்றார்கள். நான் இரண்டையும் கேட்டேன். இரண்டும் தப்பு என்று புரிய ஒரு வருடமும், வீட்டில் சொல்ல முடியாத அளவுக்குப் பணமும் ஆனது.

சக்கரம் பற்றிப் பேச்சு வந்தால் எடையைச் சொல்வார்கள், பிராண்டைச் சொல்வார்கள். அது நம்மை எப்படித் தாங்குகிறது என்று மட்டும் யாரும் சொல்வதில்லை. அது தெரிந்துவிட்டால் எதில் மிச்சம் பிடிக்கலாம், எதில் பிடிக்கக்கூடாது என்பது பாதி தெரிந்த மாதிரி. அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

## மாட்டு வண்டிச் சக்கரமும் சைக்கிள் சக்கரமும்

மாட்டு வண்டிச் சக்கரத்தில் நடுவே குடம், சுற்றிலும் வட்டை, இரண்டுக்கும் இடையே தடித்த ஆரக்கால்கள். வண்டியின் பாரம் குடத்தில் இறங்கி, அந்த நேரத்தில் அடியில் இருக்கும் ஆரக்கால் வழியாகத் தரைக்குப் போகிறது. தூண்மேல் உத்தரம் உட்கார்ந்திருப்பது போலத்தான்.

சைக்கிளிலும் அதே மூன்று உறுப்புகள். குடத்தின் இடத்தில் ஹப், வட்டையின் இடத்தில் ரிம், ஆரக்காலின் இடத்தில் 2 மி.மீ. தடிமனுள்ள போக்ஸ் கம்பி. அப்படி ஒரு கம்பியைத் தரையில் செங்குத்தாக வைத்து உள்ளங்கையால் அமுக்கிப் பாருங்கள். உடனே வளைந்துவிடும். பிறகு 80 கிலோ ஆளை அது எப்படித் தாங்குகிறது?

கம்பிக்கு அமுக்கத்தைத் தாங்கத் தெரியாது, இழுப்பைத் தாங்கத் தெரியும். ரிம்மில் ஒவ்வொரு கம்பியின் முனையிலும் நிப்பிள் என்ற சின்னத் திருகு இருக்கிறது. அதைத் திருகத் திருகக் கம்பி ரிம்மை நடுவை நோக்கி இழுக்கிறது. இந்த இழுப்புதான் இழுவிசை, கடைப் பேச்சில் டென்ஷன். 32 கம்பி உள்ள முன்சக்கரத்தில் ஒவ்வொரு கம்பியும் சுமார் 100 கிலோ விசையில் இழுத்துக்கொண்டிருக்கும். மொத்தமாகக் கூட்டினால் மூன்று டன்னுக்கு மேல். சும்மா சுவரில் சாய்ந்து நிற்கும் சைக்கிளுக்குள் இவ்வளவு பெரிய இழுபறி நடந்துகொண்டிருக்கிறது.

நாம் ஏறி உட்கார்ந்ததும் என்ன ஆகிறது என்பதற்கு ஒரு ஸ்பிரிங் தராசை நினைத்துக்கொள்ளுங்கள். 100 கிலோ மூட்டை தொங்குகிறது. அடியிலிருந்து நீங்கள் 30 கிலோ அளவுக்கு மேலே தள்ளினால் முள் 70 காட்டும். தராசு இன்னும் இழுத்துக்கொண்டுதான் இருக்கிறது. இழுப்பு மட்டும் குறைந்திருக்கிறது. சக்கரத்தின் அடியில் இருக்கும் கம்பிகளுக்கும் இதே கதை. தரை ரிம்மை மேல்நோக்கித் தள்ளும்போது அடிக் கம்பிகளின் இழுப்பு குறைகிறது. மற்ற கம்பிகளில் பெரிய மாற்றம் இருக்காது. முன்கூட்டியே இழுத்து வைத்த இருப்பிலிருந்து கொஞ்சம் விட்டுக்கொடுத்துத்தான் சக்கரம் பாரம் தாங்குகிறது.

இதுவரை பார்த்ததைச் சுருக்கினால்: சைக்கிள் சக்கரத்தின் பலம் கம்பியின் தடிமனில் இல்லை, கம்பியை எவ்வளவு இழுத்து, எவ்வளவு சமமாகக் கட்டியிருக்கிறார்கள் என்பதில் இருக்கிறது. கயிற்றுக் கட்டில் மாதிரி. கயிறு எவ்வளவு நல்லதாக இருந்தாலும், தொய்வாகக் கட்டினால் குழிதான்.

## இறுக்கமான கம்பியா அறுகிறது?

கட்டுக்கம்பியை நாம் எப்படி வெட்டுவோம்? கையில் கட்டிங் பிளேயர் இல்லாவிட்டால், இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாகப் பத்து தடவை வளைப்போம். பட்டென்று விட்டுப்போகும். ஒரே தடவை பலமாக இழுத்து அதை அறுக்க முடியாது. உலோகம் இப்படித் திரும்பத் திரும்ப விசை மாறுவதால் களைத்து விரிசல் விடுவதற்கு உலோகச் சோர்வு என்று பெயர்.

ரோடு பைக் சக்கரம் ஒரு சுற்றுக்குச் சுமார் 2.1 மீட்டர் போகும். 1,000 கி.மீ. ஓட்டினால் ஏறத்தாழ 4,75,000 சுற்று. அத்தனை தடவையும் ஒவ்வொரு கம்பியும் அடிக்கு வந்து, தளர்ந்து, மறுபடி இறுகுகிறது. நல்ல இறுக்கத்தில் இருக்கும் கம்பி 100-லிருந்து 70-க்கு இறங்கி மறுபடி 100-க்கு ஏறும். ஹப்பில் உள்ள ஓட்டையில் அசையாமல் உட்கார்ந்திருக்கும். ஏற்கனவே 30-இல் தொங்கும் கம்பியோ ஒவ்வொரு சுற்றிலும் பூஜ்யத்தைத் தொட்டுவிட்டு வரும். அப்போது கம்பியின் வளைந்த கழுத்து ஓட்டைக்குள் ஆடுகிறது. கட்டுக்கம்பி கதைதான். பெரும்பாலும் கம்பி அறுவது அந்தக் கழுத்தில்தான்.

ஆக, என் கடைக்காரர் லூஸ் பண்ணி விட்டது எரிகிற வீட்டில் எண்ணெய் ஊற்றியது போல ஆகிவிட்டது. அடுத்த மாதம் மேலும் இரண்டு போயின. அவர் சொன்னதில் ஒரு பாதி நியாயம் மட்டும் உண்டு: அளவுக்கு மீறி இறுக்கினால் ரிம்மின் ஓட்டையைச் சுற்றி விரிசல் விழும். ரிம் தயாரிப்பவர் சொல்லும் உச்ச அளவைத் தாண்டக்கூடாது.

பின்சக்கரத்துக்குத் தனியாக ஒரு தொல்லை. வலப்பக்கம் பல்சக்கரங்களுக்கு இடம் விட வேண்டியிருப்பதால் அந்தப் பக்கக் கம்பிகள் கிட்டத்தட்ட நிமிர்ந்து நிற்கின்றன, இடப்பக்கக் கம்பிகள் நன்றாகச் சாய்ந்திருக்கின்றன. கொடிக்கம்பத்துக்கு இரண்டு பக்கமும் கம்பி கட்டும்போது, ஒரு முளையை அடிவாரத்துக்குப் பக்கத்திலும் இன்னொன்றைத் தள்ளியும் அடித்தால், பக்கத்து முளையின் கம்பியைத்தான் அதிகமாக இழுத்துக் கட்ட வேண்டியிருக்கும். பின்சக்கரத்திலும் அப்படித்தான். வலப்பக்கம் 110 கிலோ என்றால் இடப்பக்கம் அதில் ஏறக்குறைய பாதி. நம் எடையில் பெரும்பங்கும் பின்னால்தான் விழுகிறது. அதனால் தொல்லை கொடுப்பது முக்கால்வாசி பின்சக்கரமே. இதிலிருந்து ஒரு மிச்சம் உண்டு: பின்சக்கரம் போனால் பின்சக்கரத்தை மட்டும் வாங்கலாம். ஜோடியாக வாங்கியே ஆக வேண்டும் என்று சட்டம் இல்லை. நிறம் கொஞ்சம் மாறும், அவ்வளவுதான்.

## எடைக் கணக்கு

"சுற்றுகிற எடை ஒன்று குறைந்தால் நாலு குறைந்த மாதிரி." இதை ஓட்டுபவர்கள் கூடும் எந்த டீக்கடையிலும் கேட்கலாம். இதில் உண்மை எவ்வளவு?

குடை ராட்டினத்தின் ஓரத்தில் குழந்தை உட்கார்ந்திருந்தால் தள்ளத் தொடங்குவது கடினம், நடுவில் நின்றிருந்தால் சுலபம். ரிம்மின் ஓரத்தில் இருக்கும் எடையும் அப்படித்தான்: பைக்கோடு முன்னால் போகவும் வேண்டும், சுற்றவும் வேண்டும். அதற்காக வேகம் எடுக்கும் நேரத்தில் அது இரண்டு மடங்காகக் கணக்காகும். அதிகபட்சமே இரண்டு மடங்குதான், நாலு இல்லை. சீரான வேகத்தில் போகும்போது இந்தக் கூடுதல் பங்கும் கிடையாது. ராட்டினம் சுற்ற ஆரம்பித்துவிட்டால் தானே ஓடுகிறது இல்லையா?

மேடு ஏறும்போது? அப்போது எடை எடைதான், சுற்றினாலும் சுற்றாவிட்டாலும். ஆளும் பைக்கும் சேர்ந்து 80 கிலோ என்று வைத்துக்கொள்வோம். 400 கிராம் குறைந்த சக்கரம் வாங்கினால் மொத்தத்தில் அரை சதவீதம் குறைகிறது. ஏலகிரி மாதிரி ஒரு மலையை ஒரு மணி நேரத்தில் ஏறுபவர் சுமார் 18 வினாடி முன்னால் போய்ச் சேருவார். பாட்டிலில் பாதித் தண்ணீரைக் காலி செய்தாலும் அதே 400 கிராம் குறையும். குடித்த தண்ணீர் வயிற்றில்தானே இருக்கும் என்பீர்கள். சரி, தலையில் ஊற்றிக்கொள்ளுங்கள்.

பந்தயம் ஓட்டுபவர்களுக்கு 18 வினாடி பெரிது. அவர்கள் இந்தக் கட்டுரையைப் படிக்கவும் மாட்டார்கள். நமக்கு, எடையைக் குறைக்கிறேன் என்று கம்பிகளின் எண்ணிக்கையைக் குறைப்பதுதான் ஆபத்து. நான் வாங்கிய 'லைட்' பின்சக்கரத்தில் 20 கம்பி. அதில் ஒன்று அறுந்ததும் ரிம் ஒரே பக்கமாக இழுபட்டு ஃபிரேமில் உரசி நின்றுவிட்டது. வீட்டுக்கு ஆட்டோவில்தான் வந்தேன். 32 கம்பிச் சக்கரத்தில் ஒன்று போனால், பிரேக்கைக் கொஞ்சம் விரித்துவிட்டு மெதுவாக ஓட்டியே வந்துவிடலாம்.

## முதலில் பொருந்த வேண்டும்

விலை பார்ப்பதற்கு முன்னால் சில அளவுகள். இவற்றில் ஒன்று தப்பினாலும் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் அது உங்களுக்கு அலங்காரப் பொருள்தான்.

சக்கரத்தின் அளவில் குழப்பம் அதிகம், ஏனென்றால் பெயருக்கும் அளவுக்கும் சம்பந்தமே இல்லை. ரோடு பைக்கில் 700சி என்பார்கள். அந்த 700 என்பது ஒரு காலத்தில் டயரோடு சேர்த்த வெளி விட்டம், மில்லிமீட்டரில். உண்மையில் டயர் உட்காரும் இடத்தில் ரிம்மின் விட்டம் 622 மி.மீ. மலை பைக்கில் 29 இஞ்ச் என்று விற்பதும் இதே 622-தான். ஆனால் பழைய 27 இஞ்ச் ரோடு சக்கரம் 630. அதாவது 27, 29-ஐவிடப் பெரியது! நம்மூர்ப் பெரிய சைக்கிளின் 28 இஞ்ச் சக்கரமோ 635. செருப்புக் கடையில் எட்டாம் நம்பர் என்றும் நாற்பத்திரண்டு என்றும் சொல்வது போல ஆளுக்கொரு கணக்கு. டயரின் பக்கவாட்டில் '25-622' என்று அச்சிட்டிருப்பதைப் பாருங்கள். முதல் எண் டயரின் அகலம், இரண்டாவது ரிம்மின் விட்டம். கடையில் அந்த இரண்டாவது எண்ணைச் சொல்லிக் கேளுங்கள்.

அடுத்தது பிரேக். பிரேக் கட்டை ரிம்மைப் பிடிக்கும் வகை ஒன்று, ஹப்பில் பூட்டிய தட்டைப் பிடிக்கும் டிஸ்க் வகை இன்னொன்று. டிஸ்க் சக்கரத்தின் ரிம்மில் கட்டை பிடிக்க இடம் இருக்காது. கட்டை வகையின் ஹப்பில் டிஸ்க் பூட்ட இடம் இருக்காது. டிஸ்க்கிலும் ஆறு ஸ்க்ரூ போடுவது, நடுவில் பல்வைத்துப் பூட்டும் சென்டர் லாக் என இரண்டு முறை உண்டு. உங்களுடையது எது என்று குனிந்து பார்த்தால் தெரிந்துவிடும்.

பிறகு ஹப்பின் அகலம். ஃபிரேமின் இரண்டு கால்களுக்கு நடுவே ஹப் உட்காரும் இடைவெளிதான் அது. கட்டை பிரேக் உள்ள ரோடு பைக்கில் முன்னால் 100 மி.மீ., பின்னால் 130. நெம்புகோலால் பூட்டும் குயிக் ரிலீஸ் அச்சு. ஹைப்ரிட், மலை பைக்குகளில் அதே வகை அச்சுக்குப் பின்னால் பெரும்பாலும் 135. இன்றைய டிஸ்க் ரோடு பைக்குகளில் த்ரூ ஆக்ஸில், அதாவது ஹப்பின் ஊடாக நுழைத்துத் திருகும் 12 மி.மீ. அச்சு. அங்கே முன்னால் 100, பின்னால் 142. ஐந்து மில்லிமீட்டர்தானே, ஃபிரேமை விரித்து நுழைத்துவிடலாம் என்று யாராவது சொன்னால், அலுமினியம், கார்பன் ஃபிரேம் வைத்திருப்பவர்கள் அங்கிருந்து கிளம்பிவிடுங்கள்.

ரொம்பப் பேர் ஏமாறுவது பல்சக்கரங்கள் உட்காரும் இடத்தில். விலை குறைந்த 7 ஸ்பீட் வண்டிகள் (பின்னால் ஏழு பல்சக்கரம் உள்ளவை) பலவற்றில், மிதிக்காதபோது 'டிக் டிக்' என்று ஓடும் பொறியும் பல்சக்கரங்களும் ஒரே கட்டியாக இருக்கும். அதை ஹப்பில் மரை போட்டுத் திருகியிருப்பார்கள். அதற்கு ஃப்ரீவீல் என்று பெயர். மற்றவற்றில் அந்தப் பொறி ஹப்பின் பாகமாகவே இருக்கும். அதன் பெயர் ஃப்ரீஹப். அதன்மேல் செருகும் பல்சக்கர அடுக்குக்குப் பெயர் கேசட். ஒன்றுக்கு ஒன்று பொருந்தாது. ஷிமானோ நிறுவனத்தின் கேசட் என்றால், 11 ஸ்பீட் ரோடு ஃப்ரீஹப் பழைய 8, 9, 10 ஸ்பீடுக்கான ஃப்ரீஹப்பைவிட 1.85 மி.மீ. நீளம். நீளமானதை வாங்கினால் அதே தடிமனுள்ள ஒரு வளையம் போட்டுப் பழைய கேசட்டை உட்கார வைக்கலாம். குட்டையானதில் பெரும்பாலான 11 ஸ்பீட் ரோடு கேசட்டுகளை ஏற்ற முடியாது. ஆகவே இன்று 9 ஸ்பீட் வைத்திருந்தாலும் 11 ஸ்பீடுக்கான ஹப்பையே வாங்குங்கள். காம்பக்னோலோ, ஸ்ராம் நிறுவனங்களின் சில கேசட்டுகளுக்கு வேறு வகை ஃப்ரீஹப் வேண்டும். கேசட்டின் பெயரைக் குறித்துக்கொண்டு கடைக்குப் போங்கள்.

ரிம்மின் உள் அகலம் 17 அல்லது 19 மி.மீ. இருந்தால் 25, 28 மி.மீ. டயர்களுக்கு நன்றாகப் பொருந்தும். அகலமான ரிம்மில் அதே டயர் இன்னும் பருத்து உட்காரும், பழைய ஃபிரேமில் உரசுமா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். டயரின் ஓரத்தைப் பிடிக்கும் கொக்கி இல்லாத 'ஹூக்லெஸ்' ரிம்கள் இப்போது வருகின்றன. அவற்றில் 5 பார், அதாவது சுமார் 72 பிஎஸ்ஐக்கு மேல் காற்று அடிக்கக்கூடாது, அதற்கென்று அனுமதித்த டயர்தான் போட வேண்டும். சாதாரண டயரும் டியூபும் போட்டு ஓட்டுபவர் அதைத் தொடவே வேண்டாம்.

கடைக்குப் போகுமுன் ஒரு தாளில்: 622, பிரேக் வகை, ஹப் அகலம், அச்சு வகை, கேசட் பெயர், டயர் அகலம். இந்த ஆறும் கையில் இருந்தால் விற்பவர் உங்களைக் குழப்ப முடியாது.

## பணத்தை எதில் போடுவது

முதலில், பழைய சக்கரம் உண்மையிலேயே போய்விட்டதா? ஒரு கம்பி அறுந்ததும் கோட்டம் விழுந்ததும், அதாவது ரிம் ஒரு பக்கமாக வளைந்து ஆடுவதும், சக்கரத்தின் சாவு இல்லை. கோட்டம் எடுத்தால் சரியாகிவிடும். ரிம்மில் பிரேக் கட்டை தேய்க்கும் இடத்தில் விரலை வைத்துப் பாருங்கள். உள்பக்கமாகக் குழிந்திருந்தால் ரிம் தேய்ந்து மெலிந்துவிட்டது என்று அர்த்தம், காற்றழுத்தத்தில் ஒருநாள் பிளக்கும். மழையிலும் கடற்கரை மணலிலும் ஓட்டுபவர்களுக்கு இது சீக்கிரம் வரும். ஓட்டைகளைச் சுற்றி விரிசல் இருந்தாலும் ரிம் அவுட். ஆனால் ஹப் நன்றாக இருந்தால், அதே ஹப்பில் புது ரிம்மும் புதுக் கம்பிகளும் கோர்க்கச் சொல்லலாம். பலரும் இந்த வழியை யோசிப்பதே இல்லை.

புதிதாகத்தான் வாங்க வேண்டும் என்றால் என் யோசனை இது: பின்னால் 32 கம்பி, சாதாரண அலுமினிய ரிம், ஷிமானோவின் கீழ்மட்ட அல்லது நடுமட்ட ஹப். இந்த ஹப்புகளில் பேரிங் குண்டுகளும், அவற்றை அழுத்திப் பிடிக்கும் கோன் என்ற கூம்புத் துண்டும் தனித்தனியாக இருக்கும். நம்மூர் சைக்கிள் கடையில் எவருக்கும் இது தெரிந்த வேலை. கிரீஸ் மாற்றி, கோனைச் சரியாக வைத்து ஓட்டினால் வருடக்கணக்கில் உழைக்கும். மூடிய பேரிங் உள்ள ஹப்பும் மோசமில்லை, தேய்ந்தால் பேரிங்கையே எடுத்துப் புதிது அடிக்க வேண்டும், அவ்வளவே. 65 கிலோவுக்குள் இருப்பவர் 28 கம்பியோடு நிம்மதியாக இருக்கலாம். முன்னால் 24-கூடப் போதும்.

கம்பியில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். இரு முனையும் 2.0 மி.மீ., நடுவில் 1.8 மி.மீ. என்று மெலிந்த கம்பிகள் உண்டு. டபுள் பட்டட் என்பார்கள். மெலிந்தது சீக்கிரம் அறும் என்று தோன்றும். நேர்மாறு. நடுப்பகுதி ரப்பர் போலக் கொஞ்சம் கூடுதலாக நீள்வதால், அடிக்கு வரும்போது முழுதாகத் தளர்ந்துவிடாமல் இழுப்பைத் தக்கவைக்கிறது, கழுத்தும் தப்பிக்கிறது. பெல்ஜியத்தின் சாபிம், சுவிட்சர்லாந்தின் டிடி சுவிஸ் இரண்டும் இதில் நம்பிப் போடக்கூடியவை.

மலிவான கார்பன் ரிம் வேண்டுமா என்று கேட்பவர்களுக்கு: கட்டை பிரேக் வண்டியென்றால் வேண்டவே வேண்டாம். மலையிலிருந்து இறங்கும்போது நீண்ட நேரம் பிரேக் பிடித்தால் ரிம் கொதிக்கும். கார்பன் இழைகளை ஒட்டி வைத்திருக்கும் பிசின் அந்தச் சூட்டில் இளகும். நல்ல நிறுவனங்கள் அதற்கென்று தனிப் பிசினும் தனிக் கட்டையும் தருகின்றன, விலையும் அப்படி. உயரமான ரிம் காற்றைக் கிழிக்கும் என்பது உண்மைதான். ஆனால் காற்றில் பெரிய தடை நம் உடம்பு. முழங்கையை மடக்கிக் குனிந்து ஓட்டுவது இலவசம்.

## கைக்கு வந்ததும்

விலை குறைந்த சக்கரங்களில் பொருள் பெரும்பாலும் சுமாராகவாவது இருக்கும். கட்டிய விதம்தான் மோசமாக இருக்கும். இயந்திரம் கோர்த்து, கோட்டம் மட்டும் எடுத்து, பெட்டியில் போட்டுவிடுவார்கள். கோட்டம் இல்லாத சக்கரத்திலும் கம்பிகள் ஆளுக்கொரு இறுக்கத்தில் இருக்கலாம்.

கண்டுபிடிக்க ஒரு வழி, தம்புரா மாதிரி மீட்டிப் பார்ப்பது. விரல் நகத்தால் ஒவ்வொரு கம்பியையும் தட்டுங்கள். ஒரே பக்கத்துக் கம்பிகள் ஏறக்குறைய ஒரே சுதியில் ஒலிக்க வேண்டும். பின்சக்கரத்தில் இடப்பக்கம் சுதி குறைவாக இருப்பது இயல்பு, பயப்பட வேண்டாம். ஒரு பக்கத்திலேயே ஒன்று 'டிங்' என்றும் அடுத்தது 'டொப்' என்றும் கேட்டால், டென்ஷன் மீட்டர் வைத்திருக்கும் மெக்கானிக்கிடம் போங்கள். அவர் எல்லாவற்றையும் சமமாக இறுக்கி, கம்பிகளை ஜோடி ஜோடியாகப் பிடித்து அழுத்தி, மறுபடி சரிபார்ப்பார். அந்தக் கூலியைச் சக்கரத்தின் விலையோடு முதலிலேயே சேர்த்துக் கணக்குப் போட்டுவிடுங்கள். என் இப்போதைய பின்சக்கரம் 32 கம்பி, எடையை நான் நிறுத்துப் பார்க்கவே இல்லை. வாங்கிய வாரமே ஒரு வயதான மெக்கானிக் ஒரு மணி நேரம் உட்கார்ந்து இறுக்கிக் கொடுத்தார். முதல் 300 கி.மீ. ஓடியதும் இன்னொரு தடவை கொண்டுவரச் சொன்னார், போனேன். அதற்கப்புறம் கம்பி ஒன்றுகூட அறவில்லை.

அப்புறம், ரிம் டேப்பை மறந்துவிடாதீர்கள். நிப்பிள் ஓட்டைகளை மூடும் அந்த நாடா சரியான அகலத்தில் இல்லாவிட்டால் டியூப் உள்பக்கத்திலிருந்தே பஞ்சராகும். ரோடில் ஆணியைத் தேடிக்கொண்டே இருப்பீர்கள்.